பூனைகளுக்குப் பெயர் வைக்காத ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இறந்துபோனது எனக்குச் செய்தியாக வந்து சேரவில்லை, ஒரு புகாராக வந்தது. சனிக்கிழமை காலை அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தேன். மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் என்ற பெண் போனில் பேசினார்.

"சார், பூனைக்குட்டி வளக்கக் குடுக்குத நோட்டீசுல ரெண்டாவது நம்பர் ஒங்களுதுதானே? அக்கா பத்தாம் நாள் பேசுதேன்னு சொல்லித்தான் குட்டியத் தந்தாவ. இன்னைக்கோட பன்னெண்டு நாள் ஆவுது. நான் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்காவ. குட்டி ஒரு கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் கேட்டுச் சொல்லுதீங்களா?"

கொதித்து ஆறிய வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைக்கச் சொன்னேன். பிறகு அக்காவின் எண்ணுக்கு அடித்தேன். எட்டு மாதம் கழித்து அடிக்கிறேன், எடுத்தால் என்ன பேசுவது என்ற பயம் இருந்தது. மணி அடித்து அடித்து நின்றது. பத்திரிகையை அப்படியே போட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் அக்கா குடியிருந்த தெருவுக்குப் போனேன்.

கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். "ஒங்களுக்குத் தெரியாதா சார்? புதன்கிழமை மத்தியானம் பூனைக்குச் சோறு வடிச்சிட்டு நின்னாவ. அப்படியே சாஞ்சிட்டாவ. ஆம்புலன்ஸ் வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு. தம்பி வந்து சொந்த ஊரு உவரிக்குக் கொண்டுபோயிட்டாரு. வியாழக்கிழமை அடக்கம் ஆயிட்டு." சொல்லிவிட்டு, "நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்" என்றார். அதில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அந்த வீட்டின் மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. எட்டு மாதமாகத் திருப்பிக் கொடுக்காமல் என் வீட்டுச் சாவிக்கொத்திலேயே வைத்திருந்தேன். திறந்து உள்ளே போனேன். பதினோரு பூனைகள். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக வைத்த சோறும் தண்ணீரும் பாதி மிச்சமிருந்தன. அடுப்பங்கரையில் வடிதட்டு கழுவாமல் கிடந்தது. நான் கழுவி வைத்தேன். எனக்கு ஏற்கனவே பழக்கமான பூனை ஒன்றுகூட அந்தப் பதினொன்றில் இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டில் அக்கா கொடுத்த பூனை இருக்கும். முப்பதாம் நாள் திருப்பலிக்கு உவரிக்கு வந்திருந்தவர்கள், "நீங்கதான் கூடவே இருந்தவங்க, அக்காவைப் பத்தி நாலு பக்கம் எழுதுங்க, எல்லாருக்கும் கொடுப்போம்" என்று என்னிடம் சொன்னீர்கள். தலையாட்டினேன். அப்போது உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஏழு வருடம் நான் அக்காவின் கூட இருந்தது உண்மை. கடைசி எட்டு மாதம் அந்த வாசலை மிதிக்கவில்லை என்பதும் உண்மை. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பூனை குட்டி போட்டுவிட்டு லாரியில் அடிபட்டுப்போனது. யாரோ கொடுத்த எண்ணுக்கு நான் பேசினேன். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் ஓர் அம்மா வந்து இறங்கினார். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை, கையில் ஊசி போடும் சிரிஞ்சு, பால் பாட்டில். ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று எதிர்பார்த்து ஒதுங்கி நின்றேன். "என்னத்தப் பாத்துட்டு நிக்குத? கையக் கழுவிட்டு வந்து பிடி" என்றார். பிடித்தேன். என் மனைவி இறந்துபோய் மூன்று வருடம் ஆகியிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, சுண்டுவிரல் அளவு வாயில் சொட்டுச்சொட்டாகப் பால் விடுவது போதுமான காரணமாக இருந்தது. மறுநாளும் போனேன்.

அமைப்பு என்று சொல்ல எங்களிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. காகிதத்தில் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் வெளியூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் சொல்பவர்கள். மிச்சம் அக்காவும் நானும். அக்காவின் வாடகை வீட்டில் முன்னறை நோயாளிகளுக்கு, நடு அறை குட்டிகளுக்கு, அக்காவுக்கு அடுப்பங்கரையை ஒட்டி ஒரு கட்டில். உவரியிலிருந்து வரும் காலை பஸ்ஸில் அக்காவின் தம்பி சாளை மீன் பெட்டி போட்டு அனுப்புவார். பஸ் ஸ்டாண்டில் நின்று அதை வாங்கி வருவது என் வேலை. அச்சகத்துக்குப் போனால் மீன் வாடைக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருவார்கள்.

அக்கா பூனைகளுக்குப் பெயர் வைக்க மாட்டார். எந்த இடத்தில் எடுத்தோமோ அதுதான் அடையாளம். ஜங்ஷன், சமாதானபுரம், கொக்கிரகுளம், மீன் கடை. "ஜங்ஷனுக்கு வயித்தால போவுது, கொக்கிரகுளம் சாப்பிடல" என்று அவர் போனில் பேசுவதைக் கேட்பவர்கள் ஊருக்கே ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுவார்கள். ஏன் பெயர் வைக்கக்கூடாது என்று கேட்டேன். "பேரு வைக்கது வீட்டுக்காரங்க வேலை. நாம வழியில நிக்க ஆளு" என்றார்.

பூனை கேட்டு வருபவர்களை அவர் விசாரிக்கும் விதம் தனி. சம்பளம் கேட்க மாட்டார், சொந்த வீடா என்று கேட்க மாட்டார். அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பூனை உள்ள மோண்டு வச்சா யாரு தொடைப்பா?" பெருமாள்புரத்தில் ஒரு வங்கி அதிகாரி சிரித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். அக்கா காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். "அப்ப அவுக வந்து கேக்கட்டும்." எனக்கு மானம் போனது. மூன்று மாதம் கழித்து அந்த அதிகாரியின் மனைவி மட்டும் ஆட்டோவில் வந்து, "நான்தான் தொடைப்பேன், எனக்குத்தான் வேணும்" என்று சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்தப் பூனை அவர் மடியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பூனையும் போன பத்தாம் நாள் அக்கா பேசுவார். முதல் வாரம் எல்லோரும் பூனையைக் கொண்டாடுவார்கள், அதற்கப்புறம்தான் உண்மை தெரியும் என்பது அவர் கணக்கு. ஊருக்கெல்லாம் பத்தாம் நாள் பேசியவரிடம், பூனையைக் கொடுத்துவிட்டு வரும் அன்றைக்கு யாரும் பேசுவதில்லை. ஒருமுறை அப்படித் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே கூடத்தில் நின்றார். "குடுத்துட்டு வாற அன்னைக்கெல்லாம் இந்த வீடு ரொம்பப் பெரிசா இருக்கு தம்பி" என்றார். அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். என் வீடும் பெரிசுதான் என்று சொல்லியிருக்கலாம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

தெருவில் தனியாகத் திரியும் பூனை எல்லாம் அநாதை இல்லை என்பது அக்காவின் முதல் பாடம். கொஞ்சம் தெளிவாக இருக்கும் பூனை கிடைத்தால் அதைத் தூக்கிவர மாட்டார். மெல்லிய நூலில் ஒரு சீட்டைக் கோத்துக் கழுத்தில் தளர்வாகக் கட்டி, இருந்த இடத்திலேயே விட்டுவிடுவார். 'இது உங்கள் பூனையா? தயவுசெய்து பேசவும்' என்று நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் போன் வராவிட்டால்தான் எடுப்போம். கழுத்தில் ஏற்கனவே கயிறோ மணியோ இருந்தால் அக்கம்பக்கத்தில் கேட்காமல் தொடவே கூடாது. இந்தச் சீட்டால் எத்தனையோ பூனைகள் தங்கள் வீட்டிலேயே தங்கின.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம். ஆற்றுக்குப் போகும் வழியில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் ஒரு ரைஸ்மில் வாசலில், வெள்ளையும் செம்பட்டையும் கலந்த பூனை ஒன்று கேட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டியிருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் வரிசையாக முடிச்சு. கண்ணுபடாமல் இருக்கக் குழந்தைகளுக்குக் கட்டுவது போன்றது. பார்த்தவுடன் தெரிந்தது, யாரோ உட்கார்ந்து நிதானமாகப் போட்ட முடிச்சு என்று. நான் பிழை திருத்துகிறவன், என் கண்ணுக்குத் தப்பாது.

என்னுடன் அச்சகத்தில் டைப் செய்யும் இசக்கிமுத்துவின் மகள் காயத்ரி, தன் பூனை செத்துப்போனதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே நிறத்தில் ஒரு பூனை கிடைத்தால் சொல்லும் என்று கேட்டிருந்தார். பூனை வாங்கிப் போகிறவர்கள் எல்லாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார்கள். ஏழு வருடம் கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறேன். ஒரே ஒரு தடவை என் கையை யாராவது பிடிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. கயிற்றைக் கத்தரித்தேன். எங்கள் முதலுதவி டப்பாவில் பஞ்சுக்கு அடியில் போட்டேன். சீட்டுக் கட்டி ஒரு வாரம் பார்த்தாயிற்று என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஐந்தாம் நாள் காயத்ரியிடம் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அழுதது. இசக்கிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம், பூனை நோட்டீசைப் பார்த்து, பச்சை வேட்டியோடு ஒருவர் அக்காவின் வாசலில் வந்து நின்றார். பேர் சுடலை. அந்த ரைஸ்மில்லுக்குக் காவல் இருப்பவர், குடும்பம் கிடையாது, மில் அறையிலேயே குடியிருக்கிறார். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போயிருக்கிறார். பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டீக்கடைக்காரரிடம் விட்டுப்போக, டீக்கடைக்காரரும் கடையைச் சாத்திவிட்டு யாத்திரை கிளம்பிவிட்டார். "ஒம்பது முடிச்சுப் போட்டு நாந்தாம்மா கட்டிவிட்டேன். முத்துன்னு கூப்பிட்டா வரும்" என்றார். நடந்த கால் அவருக்கு இன்னும் வீங்கியிருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரைஸ்மில் கழுத்துல கயிறு கெடந்துச்சா தம்பி?"

"இல்லக்கா" என்றேன்.

அக்கா அவரிடம், "அப்ப அது ஒங்க பூனை இல்லண்ணாச்சி. எங்க தம்பி பொய் சொல்ல மாட்டாரு" என்றார்.

பத்து நாள் கழித்து, ஒரு பூனைக்குக் கட்டுப்போட டப்பாவைத் திறந்தவர் அந்தக் கயிற்றை எடுத்து மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். நான்தான் கத்தினேன். அங்கே லாரி போகிற ரோடு, அந்த ஆளுக்கே ஒருவேளைச் சோறு, இங்கே அந்தப் பிள்ளை கட்டிலில் படுக்கவைத்துப் பார்க்கிறது, பூனைக்கு எது நல்லது என்று வாதாடினேன். அக்கா முழுவதையும் கேட்டார். "நல்ல வீடு எது, கெட்ட வீடு எதுன்னு சொல்லுத வேலைய நம்மகிட்ட யாரு குடுத்தா? அதுக்கு வீடு இருந்துச்சு தம்பி. நீ திருப்பிக் குடுத்துரு."

நான் போகவில்லை. அக்காவே கயிற்றை எடுத்துக்கொண்டு இசக்கிமுத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். "சார் கொடுத்த பூனை. சார் வந்து சொல்லட்டும், தாரோம்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். மறுநாள் அச்சகத்தில் இசக்கிமுத்து கேட்டார்: "அந்தம்மா கயிறு அது இதுன்னு சொல்லுதாவளே, நெசமாவே?" என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "அவங்களுக்கு வயசாயிட்டு வே. வேற எதையோ நினைச்சுச் சொல்லுதாவ."

ஆயிரக்கணக்கான குட்டிகளுக்கு மருந்தின் அளவை மனதிலேயே வைத்திருந்த பெண்ணை, புத்தி தடுமாறியவர் என்று சொன்னேன். அதற்கப்புறம் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? போகவில்லை. ஒரு வாரம் அவர் பேசுவார் என்று பார்த்தேன். பிறகு, அவர்தான் பேசட்டுமே என்று வீம்பு பிடித்தேன். மாலையில் வேலை முடிந்து வண்ணார்பேட்டைப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அங்கே அக்கா ஒற்றை ஆளாக அத்தனை பூனைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் சாளைப் பெட்டியை யார் வாங்கினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து கடற்கரையில் நின்றபோது அக்காவின் தம்பி என் தோளில் கைபோட்டார். "ஒங்களப் பத்தி ரொம்பப் பெருமையா சொல்லுவா. அவரு மாதிரி ஆளு கிடைக்காதுன்னு" என்றார். காயப்போட்ட வலைகளுக்கு நடுவே காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் நீங்கள் என்னை எழுதச் சொன்னதும். ஊருக்கு வந்து நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு வரி ஓடவில்லை. அந்தப் பூனை காயத்ரி வீட்டில் இருக்கும்வரை நான் அக்காவைப் பற்றி எழுதுவதெல்லாம் பொய் என்று விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை இசக்கிமுத்து வீட்டுக்குப் போனேன். கயிறு இருந்தது, நான் வெட்டினேன், அக்காவுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை என்று அவர் மனைவி, மகள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இசக்கிமுத்து சொன்னார்: "ஒம்பது மாசமா பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கீரு. நானும் அந்தம்மாவப் போயி கிறுக்கின்னு நினைச்சிட்டேனே வே." காயத்ரி உள்ளே போய்ப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லட்டு என்று பெயர் வைத்திருந்தாள். கூடையில் தன் பழைய துப்பட்டாவை விரித்து, அதன்மேல் வைத்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இசக்கிமுத்து இப்போதும் என்னிடம் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசுவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அங்கிருந்து நேராக ரைஸ்மில். சுடலை அண்ணாச்சி கேட்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொல்லவில்லை, கூடையைக் கீழே வைத்து மூடியைத் திறந்தேன். அவர் குனிந்து பார்த்தார். "ஏ முத்து" என்றார். பூனை வெளியே வரவில்லை. அவர் கையை மட்டும் கூடைக்குள் விட்டு வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பூனை அந்தக் கையை முகர்ந்தது. பிறகு பைய எழுந்து வந்து அவர் மடியில் ஏறியது. நான் வந்த வழியே போய்விடலாம் என்று திரும்பினேன்.

"நில்லுங்க சார். அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க" என்றார். "முட்டுவலி இப்பம் தேவலையா?"

எனக்குப் புரியவில்லை. எனக்கு முட்டுவலி எதுவும் கிடையாது.

"அக்காதான் சொல்லுவாவ" என்றார் அவர். "சனிக்கிழமை தவறாம வருவாவ. மொத தடவ வந்தப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டாவ. தப்பு எங்க பேருலதான், ஒங்க பூனை நல்லா இருக்கு, எடுத்தவரே கொண்டாந்து தருவாருன்னு. ஏன் இன்னும் வரலன்னு கேட்டா, அவருக்கு முட்டுவலிண்ணாச்சி, நடக்க முடியல, தேவலையானதும் மொத வேலையா இங்கதான் வருவாருன்னுவாவ. நானும் வாரா வாரம் கேப்பேன். இப்பம் கொஞ்சம் தேவலைண்ணாச்சின்னுவாவ." பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே தெருவை எட்டிப் பார்த்தார். "ஆறு வாரமா அவுகளத்தான் காணோம். கூட வரலையா?"

சொன்னேன். யாருக்கும் அந்தச் செய்தியை நான் சொல்லியிருக்கவில்லை. ரஹ்மத்திடம்கூட பக்கத்து வீட்டு அம்மாவைப் பேசச் சொல்லிவிட்டேன். மற்ற எல்லோருக்கும் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் பூனையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

பதினோரு பூனைகளில் எட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. மூன்று என் வீட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பேசலாம். அக்காவின் ஜெபமாலையையும் சேலைகளையும் அவர் தம்பி கொண்டுபோனார், அது முறைதான். எனக்கென்று அக்கா வைத்துவிட்டுப் போனது ஒரு முட்டுவலி. யாரிடமும் பொய் சொல்லாத மனுஷி, என்னால் ஏமாந்து நின்றவரிடமே போய், வாரம் தவறாமல் எனக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார். அதுவும் எப்படி? நாளுக்கு நாள் தேறி வருவதாக. நான் வருவேன் என்று நானே நம்பாத எட்டு மாதமும் அக்கா நம்பியிருக்கிறார். சுடலை அண்ணாச்சியின் நாற்காலியிலிருந்து எழுந்தபோது என் கால்கள் நிஜமாகவே நடக்க மறுத்தன.